கடுகு, மிளகு, பட்டாணி

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இப்போது நர்சிங் சூப்பரின்டெண்டென்டாக இருப்பவள், ஒரு காலத்தில் என்னிடம் நிறையத் திட்டு வாங்கியவள், போன மாதம் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக, விஷக் கேஸ்களை எப்படி அடையாளம் காண்பது என்று நான் எழுதித் தர வேண்டுமாம்.

"இப்பல்லாம் கம்பெனியில இருந்து ஆசிட் பட்ட கேஸு, விஷவாயு அடிச்ச கேஸுன்னு வருது சிஸ்டர். ஒரு நம்பருக்கு போன் போட்டா இன்ன விஷத்துக்கு இன்ன மருந்துன்னு சொல்லிடறாங்க. ஆனா பிள்ளைங்க பேஷன்ட் முகத்தையே பாக்க மாட்டேங்குதுங்க, மானிட்டரைத்தான் பாக்குதுங்க" என்றாள்.

அறிகுறிகளின் பட்டியல் வேண்டுமென்றால் அது புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் எழுதுவானேன்? நான் ஒரு கேஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் நான் செய்த தப்பும் வருகிறது. திட்டு வாங்கியவள் படித்துச் சந்தோஷப்படட்டும்.

நான் தெற்கே திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவள். மதராஸில் மூன்றரை வருஷம் பெட்பேன் கழுவினேன், பேச்சு கேட்டேன், பரீட்சை எழுதினேன். பயிற்சி என்பது அவ்வளவுதான். ஐம்பதுகளின் பின்பாதியில் என்னைப் பொன்னேரிக்கு வடக்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். இருபது கட்டில், ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், இரண்டு ஆயாக்கள், அப்புறம் நான். அந்தப் பக்கத்தில் அப்போது கம்பெனியும் கிடையாது, புகைபோக்கியும் கிடையாது. நெல்லும் உப்புக்காற்றும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எனக்கு ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். ஊருக்குள் வீடு கேட்டுப் பார்த்தேன். வேளை கெட்ட வேளையில் டியூட்டிக்குப் போய் வருகிற பெண்ணுக்கு யாரும் தரவில்லை. தெருவில் போனால் "நர்ஸம்மா" என்று கும்பிடுவார்கள். உள்ளே வா, உட்கார் என்று ஒருவரும் சொன்னதில்லை. டியூட்டி முடிந்து அறைக்குள் நுழைந்தால் மறுபடி டியூட்டிக்குப் போகும்வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். தொண்டை இருக்கிறதா என்று பார்க்கச் சில நாள் வேண்டுமென்றே இருமிப் பார்ப்பேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. இருபத்தாறு வயதில் அவ்வளவு தனியாக இருந்தேன்.

டாக்டர் இஸ்மாயில் பழவேற்காட்டுக்காரர். அத்தரும் ஜவுளியும் விற்கிற குடும்பம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஒரு சொட்டு அத்தர் பூச மாட்டார். எனக்கும் பவுடர், மல்லிகைப்பூ கூடாது என்று நான் போய்ச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். "மூக்கும் நமக்கு ஒரு ஸ்டெதஸ்கோப்தான் சிஸ்டர். அதை நாமளே அடைச்சுக்கக் கூடாது" என்றார். குரலை உயர்த்தியதே இல்லை. நல்லா செய்தாய் என்று சொன்னதும் இல்லை. தப்பு செய்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தக் கண்ணாடி துடைக்கப்படும் நேரத்தில் நமக்கு உயிர் போய் உயிர் வரும்.

விஷக் கேஸில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மூக்கு, பிறகு கண், பிறகு கை, கடைசியில்தான் வாய். அதாவது கேள்வி கேட்பதெல்லாம் கடைசியில்தான். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் விஷம் குடித்தவர் பிழைத்தால் அவர் மேல் கேஸ், செத்தால் வீட்டார் மேல் சந்தேகம். அதனால் வீட்டில் வாயைத் துடைத்து, வாந்தி பட்ட புடவையை மாற்றி, தலை பின்னி, பொட்டு வைத்து, அப்புறம்தான் மாட்டுவண்டியில் ஏற்றுவார்கள். கேட்டால் வாந்திபேதி என்பார்கள், இல்லாவிட்டால் பூச்சி கடித்துவிட்டது என்பார்கள். டாக்டர் ஒன்றும் கேட்காமல் குனிந்து நோயாளியின் தலைமுடியை முகர்வார். "புடவையை மாத்துவாங்க, தலையை அலச மாட்டாங்க. அதுக்கு நேரம் இருக்காது" என்பார்.

கண்ணுக்கு அவர் வைத்திருந்த அளவு இன்னும் வேடிக்கை. மில்லிமீட்டர் என்றால் ஆயாக்களுக்குப் புரியாது. அதனால் கண்மணி சுருங்கியிருந்தால் கடுகு, சாதாரணமாக இருந்தால் மிளகு, விரிந்திருந்தால் பட்டாணி. டார்ச் அடித்துப் பார்த்து உரக்கச் சொல்வார். நான் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதுவேன். கடுகு என்றால் அபின். பட்டாணி என்றால் ஊமத்தை. ரயிலில் யாரோ கொடுத்த பலகாரத்தைத் தின்றுவிட்டு, புத்தி கலங்கி, இல்லாத நூலைக் காற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவரை அப்படித்தான் வாசற்படியிலேயே கண்டுபிடித்தார். அரளி விதைக்கு மட்டும் கண் எதுவும் காட்டிக்கொடுக்காது. கை வைத்துப் பார்த்தால் நாடி நாலு அடி நடந்து ஓர் அடி நிற்கும். இந்த வரிசையை நான் வேதம் மாதிரி நம்பினேன்.

ஆடி மாதம். சொர்ணவாரி நெல் வயலில் நின்ற நேரம். காலை பத்து மணி இருக்கும், ஒரு வண்டி வந்து நின்றது. இருபத்திரண்டு வயதுப் பெண், பெயர் தேசம்மா. கூட மாமியார். தேசம்மாவின் வாயிலிருந்து நுரை வழிந்தது. உடம்பெல்லாம் வியர்வை. தொடைச் சதை தானாகத் துடித்தது. புடவை மட்டும் மடிப்புக் கலையாத சலவைப் புடவை.

"வாந்திபேதிங்க. காத்தாலேர்ந்து" என்றாள் மாமியார்.

டாக்டர் குனிந்து முடியை முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். இறுக்கிப் பின்னியிருந்த சடையில் அழுகின பூண்டு வாடை.

"கடுகு" என்றார் கண்ணைப் பார்த்து. அபின்தானே என்று நான் வாயெடுத்தேன். "இல்ல சிஸ்டர். அபின் தின்னவன் காய்ஞ்சு கிடப்பான். இவ நனைஞ்சு கிடக்கா. நெல்லுக்கு அடிக்கப் புதுசா ஒரு பூச்சி மருந்து வந்திருக்குல்ல, அது. குடிச்சிருக்கா."

அந்த மருந்து அந்த வருஷம்தான் எங்கள் பக்கத்துக்கு வர ஆரம்பித்திருந்தது. டாக்டர் ஏதோ மருத்துவப் பத்திரிகையில் அதைப் பற்றிப் படித்திருந்தார். அதற்கு மாற்று அட்ரோபின் ஊசி. நெஞ்சுக்குள் நீர் வற்றி மூச்சு தெளியும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். ரப்பர்க் குழாயை உள்ளே விட்டு வயிற்றையும் கழுவினோம். வெளியே வந்த தண்ணீரில் அந்த வாடை இல்லை. நான் அதைக் கவனித்தேன். வீட்டிலேயே வாந்தி எடுக்க வைத்திருப்பார்கள் என்று நினைத்து வாளியைக் கொட்டிவிட்டேன். கேஸ் ஷீட்டில் 'பூச்சி மருந்து குடித்தது' என்று எழுதியதும் நான்தான். அதைப் பார்த்துப் போலீஸ்காரர் தேசம்மாவின் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்.

மத்தியானம் கண்மணி மிளகாகி மூச்சு சீரானது. தேசம்மா கண் விழித்தாள்.

"நா ஒண்ணும் குடிக்கல நர்ஸம்மா" என்றாள்.

"சரிம்மா, படுத்துக்கோ" என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் அதையே இரண்டாம் தடவை சொன்னபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மறுபடி நுரை தள்ளியது, மறுபடி கடுகு. ஊசி போட்டோம், வயிற்றைக் கழுவினோம், தெளிந்தாள். விடிந்ததும் மூன்றாம் தடவை. டாக்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். என்னைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து. "உள்ள இருந்ததெல்லாம் கழுவியாச்சு. திரும்பத் திரும்ப எங்கேர்ந்து வருது?" என்றார். அலமாரியில் அட்ரோபின் ஐந்து ஆம்ப்யூல்தான் மிச்சம். கம்பவுண்டரை மதராஸுக்கு ரயிலேற்றி விட்டார். அவர் மருந்தோடு திரும்பி வர மறுநாள் ஆகும். அதுவரை ஐந்து ஊசிக்கு இந்தப் பெண் தாங்க வேண்டும். தாங்காது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

இரண்டு ஊசி போட்டுத் தெளிய வைத்தோம். மூன்றுதான் பாக்கி. மறுபடி குழாயை எடுத்துக்கொண்டு போனேன். தேசம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரலில் பலமே இல்லை.

"கொயா வாணாம் நர்ஸம்மா. நா குடிக்கல. குடிச்சா குடிச்சன்னு சொல்ல மாட்டனா?"

அவள் தலையைத் திருப்பியபோதுதான் தலையணை உறையைப் பார்த்தேன். வெள்ளை உறையில் பழுப்பாக எண்ணெய்க் கறை. அந்தக் கறையில் எள் தூவின மாதிரி பேன்கள். வார்டில் நான் பார்க்காத பேன் இல்லை. தலையணையில் ஊரும், என் கைக்கும் ஏறும். இவை ஒன்றுகூட அசையவில்லை. அத்தனையும் செத்துக் கிடந்தன.

குழாயைக் கீழே வைத்தேன்.

"தேசம்மா, தலைக்கு என்ன போட்டே?"

"பேனு மருந்து."

"எந்த மருந்து?"

"நெல்லுக்கு அடிக்கிறதுதான். புட்டில கொஞ்சம் மீந்துகினு இருந்துச்சு. வெளக்கெண்ணெய்ல கொயப்பித் தேச்சிக்கினு துணியால இறுக்கிக் கட்டிக்கினேன். எங்கம்மா ஊட்ல கூயு ஊத்துறாங்க, ஆடிக்கு. பேன் தலையோட போனா எங்க அண்ணி சிரிக்கும்."

"இதை ஏன் நேத்தே சொல்லலை?"

"குடிச்சிட்ட, குடிச்சிட்டன்னுதான் எல்லாரும் சொன்னீங்க. தலைக்கு இன்னா போட்டன்னு யாரு கேட்டா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூக்கு, கண், கை எல்லாம் முடித்து, வாய்க்கு நாங்கள் போகவே இல்லை. போயிருந்தாலும் அவள் சொல்வதைக் கேட்டிருக்க மாட்டோம். நேற்றுக் காலை மாமியார் அந்தத் துணியை அவிழ்த்துப் போட்டு, வாடையைப் பார்த்து மருமகள் மருந்து குடித்துவிட்டாள் என்று பயந்து, ஈரத்தோடு சடை பின்னி எங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். பேன் கடித்துச் சொறிந்து புண்ணான தலை. ஒரு பகலும் ஓர் இரவும் அந்தப் புண் வழியாக விஷம் உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

டாக்டரிடம் ஓடினேன். அவர் வந்து மறுபடி குனிந்து முடியை முகர்ந்தார்.

"நேத்தே மோந்தேன். சரியான இடத்துலதான் மோந்தேன். நினைச்சதுதான் தப்பு" என்றார். பிறகு, "இடுப்பு வரைக்கும் முடி. அலசி மாளாது. மழிச்சிடுங்க" என்றார்.

ஆஸ்பத்திரி நாவிதர் கத்தியைக் கையில் எடுக்கவே இல்லை. கட்டுக்கழுத்தியின் தலையில் கை வைக்க மாட்டேன் என்று போய்விட்டார். மாமியார் கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"எம் புள்ள உசிரோட கீறான். இன்னா காரியம் பண்ணப் பாக்கறீங்க?"

"உங்க மருமக மருந்து குடிக்கலம்மா. தலையில தேச்சிருக்கா, பேனுக்கு. அதை எடுத்துட்டா இவளும் பிழைப்பா, உங்க பிள்ளையும் ஸ்டேஷன்ல இருந்து வருவான்" என்றேன். அப்போதும் அவள் நகரவில்லை. எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. அந்தப் பக்கத்துப் பெண்கள் வேண்டிக்கொண்டு திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போய் முடி கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். "திருத்தணிக்கு வேண்டிக்கங்களேன். முருகனுக்குக் கொடுத்த முடின்னு ஆயிட்டா யார் என்ன சொல்லப் போறாங்க?"

என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள். "நீ ஏசு சாமி ஆளாச்சே."

"அவசரத்துக்கு எந்தச் சாமி வந்தா என்னம்மா?"

மேற்கே, திருத்தணி இருக்கிற திசையில் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வழியை விட்டாள்.

கத்தரிக்கோலால் சடையை வெட்டி, சவரக்கத்தியால் நானே மழித்தேன். கையுறை இரண்டு ஜோடிதான் இருந்தது, ஒட்டுப் போட்டது; அதை ஆபரேஷனுக்கு என்று அவித்து வைத்திருந்தோம். எடுக்க மனம் வரவில்லை, வெறுங்கையால் செய்தேன். சோப்பு போட்டு நாலு தடவை தலையைக் கழுவினேன். தேசம்மா கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். சத்தம் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. மாமியார் அந்த முடியைத் துணியில் கட்டித் திருத்தணிக்குக் கொண்டு போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "சாமிக்குப் பேன் மருந்து வேணாம்மா" என்று பிடுங்கிக்கொண்டு போய், பின்பக்கம் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டி நானே புதைத்தேன்.

அன்று சாயங்காலம் லேசாக ஒரு தடவை நுரை வந்தது. ஓர் ஊசியோடு நின்றது. பாக்கி இரண்டு ஆம்ப்யூல்.

மறுநாள் காலை எனக்குத் தலை வெடித்தது. வார்டு முழுக்க மங்கலாக இருந்தது, ஜன்னலைத் திறக்கவில்லையா என்று ஆயாவை அதட்டினேன். ஜன்னலெல்லாம் திறந்துதான் இருந்தது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். தேசம்மாவின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். அவள் கண் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள். அதுவரை நர்ஸம்மாதான். "உன் கண்ணு கடுகாட்டம் கீதுக்கா."

நான் கையை இழுத்துக்கொண்டேன். "சும்மா படு."

"மெய்யாலுந்தான். ரெண்டு நாளா அவரு கடுகு, மொளகுன்னு சொல்லிக்கினே கீறாரே, எனக்குத் தெரியாதா? வேர்த்து ஊத்துது பாரு உனக்கு." அப்புறம் தன்னால் முடிந்த அளவுக்குக் கத்தினாள். "டாக்டரய்யா! இங்க வாங்க, அக்காவுக்குக் கடுகு!"

டாக்டர் வந்து என் இமையைத் தூக்கினார். வெறுங்கையால் மழித்தேன் என்று நான் சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. அலமாரிக்குப் போனார்.

"ரெண்டுதான் இருக்கு டாக்டர். அவளுக்கு வேணும்" என்றேன்.

"ரெண்டு பேஷன்ட். ரெண்டு ஊசி" என்று சொல்லிவிட்டு எனக்குப் போட்டார். தேசம்மாவின் பக்கத்துக் கட்டிலிலேயே என்னைப் படுக்க வைத்தார். மத்தியான ரயிலில் கம்பவுண்டர் மருந்தோடு வந்து சேர்ந்தார். அவளுக்கு அது தேவைப்படவில்லை. எனக்கும்தான்.

அன்று சாயங்காலம் வரை நான் பக்கத்துக் கட்டிலில் கிடந்தேன். அவள் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, அம்மா வீட்டுக் கூழைப் பற்றியும் சிரிக்கிற அண்ணியைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே திரும்பி, "கண்ணக் காட்டுக்கா" என்பாள். நான் காட்டுவேன். "மொளகாயிக்கினு வருது" என்பாள். அந்த ஊருக்குப் போன பிறகு என்னிடம் ஒருவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு, தலைவலி என்று படுத்திருப்பேன். என் கண்ணைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

டாக்டர் கேஸ் ஷீட்டை வாங்கி, நான் எழுதிய வரியைத் தன் கையால் அடித்து, 'தலையில் தேய்த்தது, குடிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை வைத்துத்தான் அவள் புருஷனை விட்டார்கள். விஷக் கேஸில் கேள்வி கேட்பதை அன்றைக்குப் பிறகு அவர் கடைசிக்குத் தள்ளவில்லை. வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடம் முதலிலேயே கேட்பார். "குடிச்சியா" என்று கேட்க மாட்டார். "என்னம்மா ஆச்சு, சொல்லு" என்பார். பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லித் தர இருப்பது இந்த ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் புருஷன் வண்டி கொண்டுவந்தான். தேசம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஏறினாள். ஏறினவள் மறுபடி இறங்கி வந்தாள்.

"நா போய்ட்டா உன் கண்ண யாருக்கா பாப்பாங்க?"

"டாக்டர் பார்ப்பார், போ" என்றேன். வண்டி திரும்பும்வரைதான் நின்றேன். பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அவளை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் என்று என்னை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் அதைப் பற்றிக் கேட்கிறவர்களும் இல்லாமல் போனார்கள். ஓய்வு பெற்று மணவாள நகரில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன். காலையில் முகம் கழுவியதும் கண்ணாடியில் கண்மணியைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. மிளகுதான். அதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு வாரத்துக்கு முன் கண்புரை ஆபரேஷனுக்குப் போனேன். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியைப் பட்டாணியாக்கி உட்கார வைத்தார்கள். ஒரு சின்னப் பெண் பாரத்தோடு வந்தாள்.

"பாட்டி, கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரலைம்மா."

"யாராச்சும் ஒருத்தர் பேர் எழுதணும் பாட்டி. இல்லன்னா உள்ள விட மாட்டாங்க."

"தேசம்மான்னு எழுதிக்கோ" என்றேன்.

அந்தப் பெண் எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு தடவை பார்த்தாள். "உங்களுக்கு என்ன உறவு?"

வேறு எந்தச் சொல்லும் அகப்படவில்லை.

"பேஷன்ட்" என்றேன்.

"பேஷன்ட் நீங்கதானே பாட்டி" என்று சிரித்தாள்.

அதுவும் சரிதான் என்று சொல்லி, அந்தப் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.